நீடித்த வளர்ச்சி: மொத்தச் சொத்தா, இயற்கையா?

வருங்காலத் தலைமுறை தன் தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளும் திறனைக் கெடுக்காமல் இன்றைய தேவைகளை நிறைவேற்றுவதே நீடித்த வளர்ச்சி. 1987-ல் ஐ.நா. அமைத்த புருண்ட்லாண்ட் ஆணையம் தந்த இந்த விளக்கத்தைத்தான் இன்றும் பலர் எடுத்தாள்கிறார்கள். சரி, அந்தத் தலைமுறைக்கு எதை விட்டுவைப்பது? பொருளியலாளர்கள் பிரிவது இங்கேதான்.

ராபர்ட் சோலோ போன்றோர் சொல்வது 'மென்' நிலைத்தன்மை: இயற்கை வளமும் மனிதர் உண்டாக்கியதும் சேர்ந்த மொத்தச் சொத்து குறையாதவரை கவலையில்லை. எண்ணெயை எடுத்து விற்கலாம், அந்தப் பணம் வேறு சொத்தாக மாறினால் போதும். நார்வே எண்ணெய் வருமானத்தை ஒரு நிதியில் சேர்த்து வைத்தது இந்தக் கணக்குப்படிதான். பசிபிக் கடலிலுள்ள நவுரு தீவும் உரத்துக்கான பாஸ்பேட்டைத் தோண்டி விற்றுப் பணம் சேர்த்தது. ஆனால் அந்த நிதியின் பெரும்பகுதி கரைந்தது, நிலமும் பாழானது.

ஹெர்மன் டாலியின் 'வன்' நிலைத்தன்மை கறாரானது. இயற்கைக்கு ஈடாகப் பணமோ இயந்திரமோ நிற்காது என்கிறது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலைப் பாருங்கள். வலை இருந்தது, படகு இருந்தது, ஆளும் இருந்தார்கள். காட் மீன்தான் இல்லை. 1992-ல் காட் மீன்பிடிக்கே தடை வந்தது. மீனில்லாத கடலில் கூடுதலாக ஒரு படகு எதற்கு?

கணக்குப் போட முதல் வழி சுலபம், அரசுகளுக்கும் அது வசதி. எண்ணெய், தாது போன்றவற்றுக்கு அதையே ஏற்பேன், பணம் உண்மையிலேயே சேமிக்கப்பட்டால். (அந்த 'உண்மையிலேயே'தான் சிக்கல்.) மீன்வளம், நிலத்தடி நீர், ஓசோன் படலம் என்று வந்தால் என் ஓட்டு டாலிக்கு.