ரெகா மீட்புச் சேவை: அவசரத்தில் அவசரப்படாதவர்கள்

சுவிஸில் மலை ஏறப் போகும் நம்மவர்களுக்கு ரெகாவைத் தயங்காமல் சிபாரிசு செய்வேன். 1952இல் தொடங்கிய அமைப்பு. அந்தச் சிவப்பு வெள்ளை உலங்குவானூர்தியைப் பார்க்காதவர்கள் இங்கே இருக்க மாட்டார்கள். வேகமாக வருவார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அவ்வளவு அவசரமான வேலையையும் அவசரப்படாமல் செய்கிறார்களே, அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

போன கோடையில் ஓஷினன் ஏரிக்கு மேலே உள்ள பாதையில் அத்தான் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். ரெகாவின் அவசர இலக்கமான 1414க்கு அழைத்தோம். எங்கே, என்ன நடந்தது, எத்தனை பேருக்குக் காயம் என்று கேட்ட கையோடு, பக்கத்தில் கம்பி ஏதும் போகிறதா என்று கேட்டார்கள். இந்த மலைகளில் பண்ணைகளுக்குச் சாமான் ஏற்றும் கம்பிகள் நிறைய உண்டு. மேலிருந்து வரும் விமானிக்கு அவை லேசில் கண்ணில் படாது. விசிறியில் சிக்கினால் தப்புவது கஷ்டம். அப்புறம் காற்று எப்படி, முகில் இறங்கியிருக்கிறதா என்ற கேள்விகள்.

இறங்குவதற்கு 25க்கு 25 மீற்றர் அளவில் தடையில்லாத இடம் வேண்டும். பாய், தொப்பி, அக்காவின் சால்வை எல்லாவற்றையும் பைக்குள் திணித்து, பையின் மேல் நான் உட்கார்ந்துகொண்டேன். விசிறிக் காற்றில் ஒரு சால்வை பறந்து போய்ச் சிக்கினாலே போதும். அத்தானின் நண்பர் இரண்டு கைகளையும் மேலே விரித்து நின்றார். உதவி வேண்டும் என்பதற்கு அதுதான் சைகை. ஒரு கை மேலேயும் ஒரு கை கீழேயும் இருந்தால் வேண்டாம் என்று அர்த்தம்.

வானூர்தி தரை தொட்டதும் அக்கா ஓடப் பார்த்தா. உள்ளே இருந்த மீட்பாளர் உள்ளங்கையை விரித்துக் காட்டி அப்படியே நிறுத்திவிட்டார். சரிவான இடத்தில் மேட்டுப் பக்கமாக நெருங்கினால் சுற்றும் விசிறி தலை உயரத்துக்கே வந்துவிடும். வால் விசிறியோ சுற்றும்போது கண்ணுக்கே தெரியாது. விசிறி முழுக்க நின்ற பிறகுதான் எங்களைக் கிட்ட விட்டார்கள். வைத்தியர் முதலில் நோவுக்கு மருந்து ஏற்றி, காலுக்குக் கட்டுப் போட்டார். கிளம்பும் முன் மீட்பாளர் பட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். அக்காவை ஏற்றவில்லை. அந்த நேரம் அவவுக்கு மனவருத்தம்தான், ஆனால் இடத்தையும் பாரத்தையும் பார்த்து அவர்கள் எடுத்த முடிவு சரி என்றே இப்போதும் சொல்வேன்.

காசு விஷயம் ஒன்று. வருடத்துக்கு 40 பிராங் கட்டி ஆதரவாளராகச் சேருவதை நம்மவர் பலர் காப்புறுதி என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. காப்புறுதி கொடுக்காத செலவை ரெகா தள்ளுபடி செய்யலாம், அவ்வளவுதான். அடிப்படை மருத்துவக் காப்புறுதியோ மீட்புச் செலவில் பாதியை, அதுவும் வருடத்துக்கு 5000 பிராங் வரைதான் தரும். வேலை இல்லாதவர்கள், வீட்டில் இருப்பவர்கள் தங்கள் விபத்துக் காப்புறுதியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

ரெகா செயலியைக் கைத்தொலைபேசியில் போட்டுவையுங்கள். அழைத்தால் நிற்கும் இடமும் கூடவே போய்ச் சேரும். வலே மாநிலத்துக்குப் போனால் மட்டும் 144ஐ அழையுங்கள், அங்கே மீட்பு வேலை அந்த இலக்கம் வழியாகத்தான் நடக்கிறது.