யார் சொல்வதை நம்புவது? பரியாரியார் திண்ணையிலிருந்து ஆய்வுத் தொகுப்பு வரை

சிறுபோக வெள்ளாமைக்குத் தண்ணீர் கட்டப் போன என் மாமாவை வவுணதீவுப் பக்கத்து வட்டை ஒன்றில் முத்திரைப் புடையன் பாம்பு கடித்தது. வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்க்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. விஷமுறிவு மருந்தைச் சேலைனில் கலந்து ஏற்றுவதற்குச் சற்று முன்னர், தாதி ஒரு சின்ன ஊசியை மாமாவின் மேற்கையில் தோலுக்கடியில் போட்டார். கால் மில்லிலீட்டர் அட்ரினலின். ஊசிக்குழாயின் அடியில் ஒரு கோடு போலத்தான் தெரிந்தது. "ஏற்றும் மருந்து ஒத்துக்கொள்ளாமல் போகும் ஆபத்து இதனால் குறையும்" என்றார்.

நான் மட்டக்களப்பு நகரில் பாமசி ஒன்றில் பதினெட்டு ஆண்டுகளாக மருந்து எடுத்துக் கொடுப்பவள். கைத்தொலைபேசியில் வந்த செய்தியை நீட்டி, "இது உண்மையா தங்கச்சி?" என்று ஒருவராவது கேட்காத நாள் இல்லை. நான் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான்: யாரோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்கள்? ஒரு சான்று உயர்ந்தது, இன்னொன்று தாழ்ந்தது என்பதெல்லாம் இந்தக் கேள்விக்கு அது எப்படிப் பதில் சொல்கிறது என்பதைப் பொறுத்தது. மாமாவின் கையில் ஏறிய அந்தக் கால் மில்லிலீட்டரைக் கொண்டே இதைக் காட்டலாம்.

முதலில் அனுபவப் பேச்சு. படுவான்கரையில் விஷகடி பார்க்கும் பரியாரியார்களை யாரும் குறைத்துப் பேசமாட்டார்கள், நானும் பேசமாட்டேன். எங்கள் அம்மம்மாவைப் பாம்பு தீண்டிய இரவில் விடியும்வரை பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவர் ஒரு பரியாரியார்தான். ஆனாலும், "என்னிடம் வந்த நூறு பேரில் தொண்ணூறு பேர் பிழைத்தார்கள்" என்று ஒருவர் சொன்னால் அதை எப்படி நிறுப்பது? வயல்வெளியில் கடிக்கும் பாம்புகளில் பல விஷமற்றவை. விஷப்பாம்பே கடித்தாலும் சில வேளைகளில் விஷம் உடலில் இறங்குவதில்லை. அந்த நூறு பேருக்கும் ஒன்றுமே செய்யாமல் விட்டிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்ற எண் நம் கையில் இல்லை. பிழைத்தவர் வெற்றிலை வைத்து நன்றி சொல்ல வருகிறார். இறந்தவரின் வீட்டார் அந்தப் படி ஏறுவதில்லை. திண்ணையில் சேர்வது ஒரு பக்கக் கணக்கு.

வைத்தியரின் அனுபவம் இதற்கு மேலே நிற்கும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். பல விடயங்களில் அது சரிதான். ஆனால் அதற்கும் இதே குறை உண்டு. நாம் பயன்படுத்தும் விஷமுறிவு மருந்து இந்தியாவில் குதிரையின் குருதியிலிருந்து தயாரிக்கப்படுவது. வேற்று விலங்கின் புரதம் என்பதால் உடல் அதை எதிர்க்கிறது: தோல் தடிக்கிறது, மூச்சு இழுக்கிறது, குருதி அழுத்தம் சரிகிறது. ஒவ்வாமைக்கு வழக்கமாகக் கொடுப்பவை ஹைட்ரோகோர்ட்டிசோனும் புரோமெத்தசினும். ஆகவே முன்கூட்டியே கொடுத்து வைத்தால் தடுக்கலாம் என்று நினைத்து வைத்தியர்கள் நீண்ட காலம் அவற்றைக் கொடுத்துவந்தார்கள். எண்ணம் நியாயமானது. நோயாளி நன்றாக இருந்தால் மருந்து காத்தது என்று மனதில் பதியும். மோசமானால் கடி கடுமையானது என்று பதியும். எது நடந்தாலும் வழக்கம் மாறாது.

அதை மாற்றியது எழுமாற்றுப் பரிசோதனை. யாருக்கு மருந்து, யாருக்கு மருந்துபோலத் தோன்றும் வெறுமருந்து என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் தீர்மானிப்பதுதான் அதன் உயிர். வைத்தியரின் இரக்கமோ நோயாளியின் வசதியோ அதில் கை வைக்க முடியாது. இலங்கையில் பாம்புக்கடி நோயாளிகள் 105 பேரைக் கொண்டு செய்து 1999 இல் வெளியான பரிசோதனையில், அட்ரினலின் பெற்றவர்களில் 11 வீதமானோருக்கு மட்டுமே ஒவ்வாமை வந்தது. பெறாதவர்களில் 43 வீதம். நல்ல முடிவு, ஆனால் 105 பேர் போதாது. அதைவிடப் பெரியது 2011 இல் வந்தது. இதுவும் இலங்கையில் செய்யப்பட்டதுதான், 1007 நோயாளிகள். அட்ரினலின், ஹைட்ரோகோர்ட்டிசோன், புரோமெத்தசின் ஆகிய மூன்றையும் தனித்தனியாகவும் எல்லாச் சேர்க்கைகளிலும் கொடுத்துப் பார்த்தார்கள். எது யாருக்குப் போகிறது என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, பெற்றவருக்கும் தெரியாது. நூற்றுக்கு 75 பேருக்கு ஏதோவொரு ஒவ்வாமை வந்தது. முதல் மணித்தியாலத்தில் கடுமையான ஒவ்வாமையை அட்ரினலின் 43 வீதம் குறைத்தது. மற்ற இரண்டும் குறைக்கவில்லை. ஹைட்ரோகோர்ட்டிசோனைச் சேர்த்துக் கொடுத்தபோது அட்ரினலினின் பயனும் இல்லாமல் போனது.

இதை முதன்முதலில் வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. நல்லெண்ணத்தோடு கொடுத்த மருந்து எத்தனை விடுதிகளில், எத்தனை விவசாயிகளுக்குப் பயனின்றிப் போயிருக்கும்!

இங்கே "43 வீதம் குறைத்தது" என்பதையும் கவனித்து வாசிக்க வேண்டும். நூறு பேரில் 43 பேர் தப்பினார்கள் என்று அதற்குப் பொருளல்ல. நூற்றுக்கு முப்பது பேருக்குக் கடும் ஒவ்வாமை வரும் என்று வைத்துக்கொண்டால், அது பதினேழாகக் குறையும். தப்புவது பதின்மூன்று பேர். நோய் அரிதாக இருந்தால் கணக்கு இன்னும் சுருங்கும். ஆயிரத்தில் இருவருக்கு வருவது ஒருவருக்கு வந்தாலும் விளம்பரத்தில் "பாதியாகக் குறைக்கிறது" என்றே எழுதலாம். எத்தனையிலிருந்து எத்தனைக்கு என்று சொல்லாத செய்தியை நான் பாதிச் செய்தியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

எழுமாற்றுப் பரிசோதனை என்ற பெயர் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. அதற்கும் நம் நாட்டிலேயே ஒரு சோடி இருக்கிறது. அலரி விதை நஞ்சால் பாதிக்கப்பட்டவர்களுக்கு, நஞ்சை உறிஞ்சிக்கொள்ளும் கரித்தூளைத் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்த்த பரிசோதனை 2003 இல் வெளியானது. 401 பேர், இறந்தவர்கள் கரித்தூளைத் திரும்பத் திரும்பப் பெற்ற பக்கத்தில் 5, மற்றப் பக்கத்தில் 16. யாராக இருந்தாலும் உடனே கொடுக்கச் சொல்லத் தோன்றும். 2008 இல் பலவகை நஞ்சுகளையும் சேர்த்து 4600 பேருக்கு மேற்பட்டோரிடம் செய்த பரிசோதனை வந்தது. கரித்தூள் பெறாதவர்களில் 6.8 வீதம், ஒரு வேளை பெற்றவர்களில் 7.1 வீதம், பல வேளை பெற்றவர்களில் 6.3 வீதம் இறந்தார்கள். வித்தியாசம் என்று சொல்ல எதுவுமில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் நான் பெரியதன் பக்கம் சாய்வேன். ஐந்தும் பதினாறும் சின்ன எண்கள். இரண்டு மூன்று பேர் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ மாறினாலே படம் மாறிவிடும்.

அவதானிப்பு ஆய்வுக்கு வருவோம். ஒரு கூட்டத்தைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, இன்னதைச் செய்தவர்களுக்கு இன்னது வந்தது என்று எழுதி வைப்பது. சிகிச்சை பலன் தருகிறதா என்று கேட்டால் இது சறுக்கும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹோர்மோன் மாத்திரை இதயத்தைக் காக்கும் என்று இத்தகைய ஆய்வுகள் சொல்லிவந்தன. அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் செய்த எழுமாற்றுப் பரிசோதனை, இதயநோயும் பக்கவாதமும் மார்பகப் புற்றுநோயும் கூடுவதைக் கண்டு 2002 இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. முந்தைய அவதானிப்பு ஆய்வுகளில் மாத்திரை எடுத்த பெண்கள் முதலிலிருந்தே வசதியும் உடல்நல அக்கறையும் கூடியவர்களாக இருந்தார்கள் என்பது பிறகு வந்த விளக்கங்களில் முக்கியமானது. கல்லடிக் கடற்கரையில் காலையில் நடப்பவர்கள்தான் குரக்கன் மாவும் வாங்குகிறார்கள். அவர்களின் சீனி குறைந்தால் பெருமை நடைக்கா, குரக்கனுக்கா?

அதற்காக அவதானிப்பைத் தள்ளிவிடக் கூடாது. தீங்கைக் கண்டுபிடிக்க அதைவிட்டால் வேறு வழி இல்லாத இடங்கள் உண்டு. நம் வீடுகளில் வெற்றிலைத் தட்டம் இல்லாத கல்யாணம் இல்லை. பாக்கு வாய்ப்புற்றுநோயைத் தருமா என்று பார்க்க, பாதிப் பேரை இருபது ஆண்டுகள் மெல்லச் சொல்ல எந்த மனிதருக்கு மனம் வரும்? மென்றவர்களையும் மெல்லாதவர்களையும் அவதானித்த ஆய்வுகளை வைத்தே, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் பாக்கைப் புற்றுநோய் தரும் பொருள் என்று வகைப்படுத்தியது. புகையிலை சேர்க்காமல் மென்றாலும் அதேதான்.

எல்லாவற்றுக்கும் மேலே ஆய்வுத் தொகுப்பை வைப்பது வழக்கம். ஒரே கேள்விக்கு நடந்த பரிசோதனைகள் அனைத்தையும் தேடியெடுத்து, தரம் பார்த்து, சேர்த்து நிறுப்பது. அதன் வலிமைக்கு ஒரு நல்ல சாட்சி உண்டு. குறைமாதத்தில் பிரசவமாகக்கூடிய தாய்க்கு ஸ்டீரொய்ட் ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் முதிரும் என்று நியூசிலாந்துப் பரிசோதனை ஒன்று 1972 இல் காட்டியது. பின்னர் வந்தவற்றில் பல தனித்தனியே உறுதியாகச் சொல்லவில்லை. 1989 இல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் குழந்தைகள் பிழைப்பது ஐயமின்றித் தெரிந்தது. அந்தக் கணக்கைக் காட்டும் வரைபடத்தையே, இத்தகைய ஆய்வுத் தொகுப்புகளை வெளியிடும் கொக்ரேன் அமைப்பு தன் சின்னமாக வைத்திருக்கிறது.

ஆனால் தொகுப்பு, உள்ளே போட்ட நெல்லின் அளவுக்குத்தான் அரிசி தரும். கல்லடியிலிருந்து வரும் ஓர் அம்மா, பாவற்காய்ச் சாறு சீனி வருத்தத்தை மாற்றும் என்ற செய்தியை நம்பி அந்த வருத்தத்துக்கான மெட்ஃபோர்மின் மாத்திரையை நிறுத்தியிருந்தார். பாவற்காய் பற்றிய கொக்ரேன் தொகுப்பு 2012 இல் வெளியானது: நான்கு பரிசோதனைகள், மொத்தம் 479 பேர், பரிந்துரைக்கச் சான்று போதாது. "போதாது" என்றால் பயனில்லை என்று நிரூபித்துவிட்டார்கள் என்றல்ல. நிறுக்க நெல் போதவில்லை. அதையே அவரிடம் சொன்னேன். சாறு குடிப்பது உங்கள் விருப்பம், மாத்திரையை விட வேண்டாம், குடிப்பதைக் கிளினிக்கில் சொல்லுங்கள் என்றேன். இரண்டும் சேர்ந்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கவும் கூடும்.

மருந்து வேலை செய்கிறதா என்று கேட்டால் பெரிய எழுமாற்றுப் பரிசோதனைக்கே என் முதல் இடம். சிறு பரிசோதனைகளை மட்டும் கூட்டிய தொகுப்பு அதற்குப் பின்னால்தான். தீங்கு செய்கிறதா என்று கேட்டால் நீண்ட கால அவதானிப்பைத் தேடுவேன். எதுவானாலும், எதை அளக்கப்போகிறோம் என்று முதலிலேயே பதிந்துவைத்தார்களா என்று பார்ப்பேன். 2006 இலிருந்து இலங்கைக்கும் ஒரு பரிசோதனைப் பதிவேடு இருக்கிறது. பதிந்தது ஒன்று, வெளியிட்டது வேறொன்று என்றால் அந்த ஆய்வை மூடிவைத்துவிடுவேன்.

மாமா ஐந்தாம் நாள் வீடு திரும்பினார். ஒவ்வாமை பெரிதாக வரவில்லை. அந்தச் சின்ன ஊசிதான் காத்தது என்று அவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். மாமி, மாமாங்கேஸ்வரருக்கு வைத்த நேர்த்தி என்கிறார். நான் இரண்டையும் மறுப்பதில்லை. ஊசி போடாமல் விட்டிருந்தால் அன்று என்ன நடந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது, மாமா ஒருவர்தானே. அந்தக் கால் மில்லிலீட்டரைப் போடலாம் என்று நான் அன்று தலையசைத்தது, யாரென்று தெரியாத அந்த 1007 பேரை நினைத்துத்தான்.