க்ளிங்கான் நெற்றியா, பிக்கார்டின் புல்லாங்குழலா: பழைய எபிசோடைத் தொடும் வழிகள்

ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொடரில் வரும் க்ளிங்கான் என்ற வேற்றுக்கிரக இனத்துக்கு 1960களில் மனிதர்களைப் போலவே வழவழப்பான நெற்றிதான். அன்றைக்கு ஒப்பனைக்குக் கிடைத்த பணம் அவ்வளவுதான். 1979இல் வந்த முதல் திரைப்படத்தில் அதே இனத்துக்கு நெற்றி முழுக்க மேடு பள்ளம் வந்துவிட்டது. ஏன் என்று கதைக்குள் ஒருவரும் சொல்லவில்லை. இப்படிப் பழைய கதையோடு உரசும் இடத்தைப் புதிய எபிசோட் எப்படித் தொடலாம் என்பதுதான் கேள்வி.

இந்த ஒரே ஓட்டையைப் பின்னால் வந்த இரண்டு ஸ்டார் ட்ரெக் தொடர்கள் இரண்டு விதமாகக் கையாண்டன. 1996இல் டீப் ஸ்பேஸ் நைன் குழுவினர் காலத்தில் பின்னோக்கிப் போய் 1960களின் தொடரில் வந்த கேப்டன் கிர்க்கின் காலத்துக்கு வருகிறார்கள். அங்கே வழவழ நெற்றியோடு க்ளிங்கான்கள் உட்கார்ந்திருக்க, கூட வந்தவர்கள் எல்லாரும் தங்கள் குழுவிலிருக்கும் க்ளிங்கானான வார்ஃபைத் திரும்பிப் பார்க்கிறார்கள். மரபணு மாற்றமா, வைரஸா என்று ஆளுக்கொரு ஊகம். வெளியாட்களோடு இதைப் பற்றிப் பேசுவதில்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறான் வார்ஃப். அவ்வளவுதான். அந்த வரியில் ஓர் இனத்தின் அவமானமும் வீம்பும் தெரிந்துவிடுகின்றன.

2005இல் என்டர்பிரைஸ் தொடர் இதையே இரண்டு எபிசோடுகள் செலவழித்து விளக்கியது. மரபணு ஆய்விலிருந்து பரவிய ஒரு வைரஸ்தான் காரணமாம். அதாவது 1996இல் சொன்ன இரண்டு ஊகங்களும் சரி. உழைப்பு நேர்மையானது, கதையும் மோசமில்லை. ஆனாலும் என் வாக்கு வார்ஃபின் ஒற்றை வரிக்குத்தான். விளக்கம் கேள்வியை மூடிவிட்டது. அந்த வரியோ வார்ஃபை எனக்கு இன்னும் கொஞ்சம் காட்டிக்கொடுத்தது.

காலத்தில் பயணிக்கும் 'டாக்டர்' என்பவரைப் பற்றிய பிபிசி தொடரான டாக்டர் ஹூ பக்கம் வந்தால் இந்த வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். 1963 நவம்பர் 23 அன்று தொடங்கிய தொடர், சுமக்க வேண்டிய பழையது மலை போல இருக்கிறது. 1985 ஜனவரியில் ஒளிபரப்பான 'அட்டாக் ஆஃப் த சைபர்மென்' கதை 1966இல் வந்த ஒரு கதையையும் 1967இல் வந்த ஒரு கதையையும் பிடித்துத் தொங்குகிறது. அவை தெரியாவிட்டால் டாக்டரின் எதிரிகளான சைபர்மென் என்ற இயந்திர மனிதர்கள் எதைத் தடுக்கப் பார்க்கிறார்கள், அந்தக் கல்லறைகள் எங்கிருந்து வந்தன என்பதே பிடிபடாது. வேதனை என்னவென்றால், அந்த 1967 கதையின் பிரதி அப்போது பிபிசியிடமே இல்லை. 90களின் தொடக்கத்தில் ஹாங்காங்கிலிருந்துதான் அது திரும்பி வந்தது. அதாவது, பார்க்க வழியே இல்லாத ஒன்றைப் பார்த்திருக்க வேண்டும் என்று அந்தக் கதை எதிர்பார்த்தது.

அதோடு 2005இல் வந்த 'டாலெக்' எபிசோடை ஒப்பிட்டுப் பாருங்கள். நிலத்தடியில் ஒரு பணக்காரரின் அருங்காட்சியகம். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சைபர்மேனின் தலை. டாக்டர் அதன் முன் நின்று, இது பழைய எதிரி, இப்போது காட்சிப் பொருளாகிவிட்டது, தனக்கும் வயதாகிவிட்டது என்கிற மாதிரி பேசுகிறார். பழைய ரசிகருக்கு உடம்பு சிலிர்க்கும். புதிதாகப் பார்ப்பவருக்கு இந்த மனிதர் நிறையப் பார்த்தவர், களைத்தவர் என்று புரியும். இருவருமே ஏமாறவில்லை. முதல் கதை நினைவாற்றலுக்குத் தேர்வு வைத்தது. இரண்டாவது அப்படி எதையும் கேட்கவில்லை.

கண்டுகொள்ளாமல் விடுவதும் ஒரு வழிதான், அதில் எனக்கு வெட்கமே இல்லை. டாக்டர் ஹூவில் அட்லாண்டிஸ் அழிந்ததற்கு 1967, 1971, 1972 என மூன்று கதைகளில் மூன்று விதமான காரணங்கள். தொடர் அதனால் சாகவில்லை. 1982 ஸ்டார் ட்ரெக் படத்தில் வில்லன் கான், கப்பல் அதிகாரி செக்கோவைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்கிறான். ஆனால் கான் வந்த 1967 எபிசோட் முதல் சீசனைச் சேர்ந்தது, செக்கோவ் தொடருக்குள் வந்ததோ இரண்டாம் சீசனில். அந்தக் காட்சியின் பயம் இதனால் ஒரு துளியும் குறையவில்லை. இதை ஒட்டுப்போட ஒரு எபிசோட் எடுத்திருந்தால்தான் வருந்தியிருப்பேன்.

முன்கூட்டியே திட்டமிட்டு எழுதினால் இந்தத் தொல்லையே இருக்காதே என்று சிலர் பாபிலோன் 5 என்ற இன்னொரு விண்வெளித் தொடரைக் காட்டுவார்கள். நியாயமான வாதம். 1994இல் முதல் சீசனில், முன்பே காணாமல்போயிருந்த ஒரு விண்வெளி நிலையம் திடீரென்று வந்து மறைகிறது. 1996இல் மூன்றாம் சீசனில் அதே நிகழ்வை மறுபக்கத்திலிருந்து பார்க்கிறோம். இடையில் கதாநாயகனாக நடித்தவரே மாறிவிட்டார். அப்படியும் அவரை மறுபடி அழைத்துவந்து முடிச்சை அவிழ்த்தார்கள். எனக்குத் தெரிந்து இவ்வளவு துல்லியமான பொருத்தம் வேறெங்கும் இல்லை. ஆனால் இது ஐந்து சீசனில் முடியும் கதைக்குத்தான் பொருந்தும். அறுபது ஆண்டுகளாகக் கைமாறிக்கொண்டே வரும் தொடருக்கு யார் வரைபடம் போடுவது?

அப்புறம் வாயேஜர், வீட்டிலிருந்து வெகுதூரத்தில் மாட்டிக்கொண்ட ஒரு கப்பலைப் பற்றிய ஸ்டார் ட்ரெக் தொடர். 1995இல் அந்தக் கப்பலில் 38 டார்பிடோக்கள்தான் உண்டு, தீர்ந்தால் மாற்று கிடையாது என்று சொன்னார்கள். ஏழு சீசன்களில் அதைவிட அதிகமாகவே ஏவினார்கள். ரசிகர்கள் எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு எண்ணிக்கை பெரிதில்லை. தனியாக, கையிருப்போடு மாட்டிக்கொண்டோம் என்ற பயத்தை எழுத்தாளர்கள் மறந்துவிட்டார்களே என்பதுதான் குறை.

எனக்கு மிகப் பிடித்த வழி, பாத்திரமே நினைவு வைத்திருப்பது. 1992இல் 'தி இன்னர் லைட்' என்ற ஸ்டார் ட்ரெக் எபிசோடில் கேப்டன் பிக்கார்டு கப்பலில் மயங்கிக் கிடக்கும் அரை மணி நேரத்துக்குள், அழிந்துபோன ஓர் உலகில் இன்னொரு மனிதராக ஒரு முழு வாழ்க்கையை வாழ்ந்துவிடுகிறார். மனைவி, பிள்ளைகள், பேரன், முதுமை. கண் விழிக்கும்போது கையில் மிஞ்சுவது ஒரு புல்லாங்குழல் மட்டும். அந்தக் காலத் தொடர் வழக்கப்படி அடுத்த வாரம் எல்லாம் பழையபடி ஆகிவிட வேண்டும், ஆகியும்விட்டது. ஆனால் 1993இல் 'லெசன்ஸ்' எபிசோடில், தான் நேசிக்கத் தொடங்கிய பெண்ணுக்காக அந்தக் குழலை வெளியே எடுக்கிறார். அது எங்கிருந்து வந்தது என்று மெதுவாகச் சொல்கிறார்.

முந்தைய கதை தெரியாதவருக்கும் அந்தக் காட்சி முழுமையானது: ஒருவர் தன் ஆழமான இழப்பை முதன்முறையாக இன்னொருவரிடம் சொல்கிறார். தெரிந்தவருக்கோ, ஒரு வருடமாக யாரிடமும் சொல்லாமல் இந்த மனிதர் இதைச் சுமந்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைக்கும். அதே எபிசோடில் இருவரும் கப்பலின் குறுகலான பராமரிப்புக் குழாய்க்குள் ஊர்ந்து போய், எதிரொலி நன்றாக வரும் ஓர் இடத்தில் உட்கார்ந்து, சேர்ந்து வாசிக்கிறார்கள்.