"கப்பலைத் தவறவிடமாட்டீர்கள், உத்தரவாதம்": ரோம் சுற்றுலா வேன்காரர்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை

மத்தியதரைக் கடலில் கப்பல் பயணம் போகத் திட்டமிடுகிறவர்கள், "கப்பல் புறப்படும் முன் உங்களைத் துறைமுகத்தில் சேர்ப்போம், உத்தரவாதம்" என்ற வாசகத்தைப் பார்த்தவுடன் கொஞ்சம் உஷாராகிவிடுங்கள். எங்களுக்கு அந்த உத்தரவாதத்தைக் கொடுத்தவர் ஒருவர். முன்பணம் போய்ச் சேர்ந்தது இன்னொருவருக்கு. வேன் ஓட்டி வந்தவர் மூன்றாமவர். சிக்கல் வந்தபோது மூவருமே மற்ற இருவரையும் கைகாட்டினார்கள்.

நாங்கள் எட்டுப் பேர்: மாமா, அத்தை, நாத்தனாரும் அவர் கணவரும், நாங்கள் இருவர், எங்கள் பிள்ளைகள் இருவர். பார்சிலோனாவில் ஏறி, மார்செய், லிவோர்னோ, ரோம், நேப்பிள்ஸ் என்று போகும் கப்பல். கப்பல் நிறுவனமே விற்கும் சுற்றுலாக்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம். எட்டால் பெருக்கினால் மயக்கம் வரும். தவிர, ஒரு பெரிய பஸ் நிறைய ஆட்களோடு, கையில் கொடி பிடித்தவர் பின்னால் மாமாவின் முழங்கால் ஓட முடியாது. எனவே எல்லாத் துறைமுகத்திலும் நாங்களாகவே பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். அந்த முடிவில் இன்றும் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. மார்செயில் பழைய துறைமுகத்திலிருந்து 60ஆம் எண் நகரப் பஸ் ஏறி, மலைமேல் இருக்கும் நோத்ர்தாம் தேவாலயத்துக்குப் போய் வந்தோம். லிவோர்னோவில் ஷட்டில் பஸ்ஸில் ஊருக்குள் போய், அங்கிருந்து ரயிலில் பீசா. சாய்ந்த கோபுரத்தைப் பிள்ளைகள் தாங்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். மதிய உணவுக்கே கப்பலுக்குத் திரும்பிவிட்டோம். தனியாகச் சுற்றாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. நடுவில் நிற்கும் தரகரைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

ரோம் விஷயம் வேறு. கப்பல் அட்டவணையில் "ரோம்" என்று போட்டிருக்குமே தவிர, கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியா என்ற துறைமுகத்தில். அங்கிருந்து ரோம் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். (இந்தக் கதை எல்லா இடத்திலும் உண்டு. "ஃபிளாரன்ஸ்" என்றால் லிவோர்னோ. பெரிய கப்பல்கள் வெனிஸ் நகருக்குள்ளே வரக்கூடாது என்று 2021 ஆகஸ்ட் முதல் தடை இருப்பதால், "வெனிஸ்" என்றால் இப்போது ராவென்னாவாகவோ திரியெஸ்தாகவோகூட இருக்கலாம்.) அன்று மாலை ஆறரைக்குள் எல்லோரும் கப்பலில் இருக்க வேண்டும். கப்பல் நிறுவனத்தின் சொந்தச் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். சொந்தமாகப் போனவர்களுக்குக் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில் போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டியதுதான். தூரமும் இந்தப் பயமும் சேரும் இடத்தில்தான் அந்த "உத்தரவாதம்" விலைபோகிறது.

எங்களுக்குக் கிடைத்த நிறுவனத்தின் இணையப் பக்கம் அழகாக இருந்தது. வாட்ஸப்பில் எந்த நேரம் கேட்டாலும் ஐந்து நிமிடத்தில் பதில். வேனும் ஓட்டுநரும் 620 யூரோ. ஆங்கிலம் பேசும் வழிகாட்டி அதிலேயே அடக்கம். கொலோசியத்துக்கு "வரிசையில் நிற்காத" டிக்கெட் ஆளுக்கு 45 யூரோ, எட்டுப் பேருக்கு 360. ஆக 980. இதில் கால் பங்கு, அதாவது 245 யூரோ, கார்டில் முன்பணம். மீதி 735 அன்று காலை ஓட்டுநரிடம் ரொக்கமாக. நேப்பிள்ஸில் பொம்பெயி போக இன்னொரு வேன் 480 யூரோவுக்கு, அதற்கும் 120 முன்பணம். இந்தக் கால் பங்கு, முக்கால் பங்கு கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வங்கியில் புகார் கொடுக்கப் போகும்போது கார்டில் கட்டிய தொகைக்கு மட்டும்தான் வழக்கு. ரொக்கம் போனது போனதுதான்.

காலை எட்டு மணிக்குத் துறைமுக வாசலில் சந்திப்பு. வேன் வந்தது ஒன்பது கடந்து. ஓட்டுநர் இறங்கி வணக்கம் சொல்லும் முன்பே பணத்தைக் கேட்டார். கார்டில் தருகிறேன் என்றேன். மெஷின் பழுது என்றார். இத்தாலியில் கார்டு வாங்க மறுக்கும் வணிகருக்கு 2022 ஜூன் இறுதி முதல் 30 யூரோவும், அதோடு பில் தொகையில் 4 சதவீதமும் அபராதம் உண்டு. அதை எடுத்துச் சொன்னேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு வேன் கதவைச் சாத்தப் போனார். ஏற்கெனவே ஒரு மணி நேரம் போய்விட்டது, மாமா வெயிலில் நிற்கிறார், பிள்ளைகள் சிணுங்குகிறார்கள். அந்த நிலையில் யாராக இருந்தாலும் பணத்தை எண்ணிக் கொடுப்பார்கள். அவர்கள் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். ரசீது கேட்டதற்கு "ஆபீஸ் மின்னஞ்சலில் அனுப்பும்" என்றார். இன்றுவரை அனுப்பவில்லை.

வழிகாட்டி எங்கே என்றால், "நான்தான்". இத்தாலியில் சுற்றுலா வழிகாட்டியாக வேலை பார்க்க உரிமம் வேண்டும். அடையாள அட்டை இருக்கும். இவரிடம் அப்படி எதுவும் இல்லை. வழியில் எங்களுக்குக் கிடைத்த வரலாறு முழுவதும் இவ்வளவுதான்: "இது பழைய சுவர். அது மிகப் பழைய சுவர்." அத்தை என் காதருகில் வந்து, "ஏம்மா, இதைச் சொல்லவா இவ்வளவு பணம் வாங்கினான்?" என்று கேட்டார்.

கொலோசியத்தில் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் காத்திருப்பார் என்று சொல்லியிருந்தார்கள். ஒருவர் வந்தார். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டவர். எட்டு டிக்கெட்டையும் அச்சிட்ட தாளாகக் கையில் திணித்துவிட்டு, நான் அதைப் படித்து முடிக்கும் முன்பே மறைந்துவிட்டார். ஒன்றில்கூட எங்கள் பெயர் இல்லை. கொலோசியம் டிக்கெட்டுகள் 2023 முதல் பெயர் போட்டுத்தான் தரப்படுகின்றன. வாசலில் அடையாள அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். வாசலில் இருந்த பெண் ஊழியர் மிகவும் மரியாதையாகத்தான் திருப்பி அனுப்பினார். அன்றைக்கு வேறு டிக்கெட்டும் மிச்சமில்லை. இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: "வரிசையில் நிற்காத" என்று யார் விற்றாலும் பாதுகாப்புச் சோதனை வரிசையிலிருந்து யாருக்கும் விலக்குக் கிடையாது.

பிறகு கணக்குப் பார்த்தேன். அரசு விலையில் பெரியவர்களுக்கு டிக்கெட் 18 யூரோ. பதினெட்டு வயதுக்குக் கீழே எந்த நாட்டுப் பிள்ளையாக இருந்தாலும் இலவசம். முன்பதிவு மட்டும் செய்ய வேண்டும். எங்கள் ஆறு பெரியவர்களுக்கும் சேர்த்து 108 யூரோதான். எங்களிடம் வாங்கியது 360. அதில் 90 யூரோ, கட்டணமே இல்லாத இரண்டு பிள்ளைகளின் தலையில்! அதிகாரபூர்வ இணையதளத்தில் பார்வை நாளுக்கு 30 நாள் முன்னதாக டிக்கெட் திறக்கிறது; சட்டென்று தீர்ந்தும் போகிறது. அது தீர்ந்துபோவதற்கும் ஒரு காரணம் வெளியில் வந்தது. டிக்கெட்டுகளைக் கணினி நிரல்களை வைத்து மொத்தமாக அள்ளிக்கொண்டதற்காகச் சில சுற்றுலா நிறுவனங்களுக்கும், அதைத் தடுக்காததற்காக டிக்கெட் விற்பனையை நடத்திவந்த அமைப்புக்கும் சேர்த்து, 2025 ஏப்ரலில் இத்தாலியின் போட்டிக் கண்காணிப்பு ஆணையம் ஏறக்குறைய 2 கோடி யூரோ அபராதம் விதித்தது. எங்களிடம் விற்றவர்கள் அந்தப் பட்டியலில் இருக்கும் அளவுக்குப் பெரிய ஆட்கள் என்று நான் நினைக்கவில்லை. பெரிய மீன் கலக்கிய குட்டையில் தூண்டில் போடுகிறவர்கள்.

நடுப்பகலில் ஓட்டுநர் கூட்டிப்போன உணவகத்தையும், அதை அடுத்துக் கூட்டிப்போன தோல்பொருள் கடையையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உணவகத்தில் வாசலில் மாட்டிய விலைப்பட்டியல் ஒன்று, பில்லில் இருந்தது வேறு. கடையில் ஏறக்குறைய முக்கால் மணி நேரம். வத்திக்கான் இருக்கும் பக்கமே போகவில்லை.

மூன்று மணி வாக்கில் மறுபடி கொலோசியம் அருகே இறக்கிவிட்டு, "வெளியே நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள், இருபது நிமிடத்தில் வருகிறேன்" என்று போனவர் வரவில்லை. போன் எடுக்கவில்லை. வாட்ஸப்பில் ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லும் அந்த ஆபீஸ், "ஓட்டுநர் வேறு நிறுவனத்தைச் சேர்ந்தவர், கேட்டுச் சொல்கிறோம்" என்று ஒரு வரி அனுப்பிவிட்டு மௌனமாகிவிட்டது. நான்கு மணிக்கு ஓட்டுநரே போனை எடுத்தார்: விமான நிலையத்தில் இன்னொரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டிருக்கிறாராம், சாலையில் நெரிசலாம், ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டுமாம்.

பொறுத்திருந்தால் கப்பல் போயிருக்கும். பக்கத்தில் செய்தித்தாள் கடை வைத்திருந்த ஒரு பெரியவரிடம் நாத்தனார் கணவர் வழி கேட்டார். இதை ரோம் போகிறவர்கள் எல்லோரும் குறித்துக்கொள்ளலாம்: கொலோசியத்தின் எதிரிலேயே மெட்ரோ பி பாதை. அதில் இரண்டாவது நிறுத்தம் பிரமிதே. அங்கிருந்து அப்படியே நடந்து ரோமா ஓஸ்தியென்சே ரயில் நிலையத்துக்குள் போய்விடலாம். சிவிட்டாவெக்கியா போகும் வட்டார ரயில்கள் அங்கே நிற்கும். டிக்கெட் சில யூரோதான். தாள் டிக்கெட் வாங்கினால், ஏறும் முன் நடைமேடையில் இருக்கும் சிறு மெஷினில் முத்திரை குத்திக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். மாமாவைப் படிகளில் ஒருபுறம் என் கணவரும் மறுபுறம் என் மகனும் தாங்கிக்கொண்டு வந்தார்கள். சிவிட்டாவெக்கியா நிலையத்தில் இறங்கி டாக்ஸி பிடித்து, துறைமுக ஷட்டில் ஏறி, கப்பலின் வாசலில் அட்டையைத் தேய்த்தபோது மணி ஆறு பத்து.

மறுநாள் நேப்பிள்ஸ். அதே நிறுவனத்தின் வேன். ரத்து செய்து முன்பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி முதல்நாள் இரவே எழுதியிருந்தோம். "கடைசி நேர ரத்துக்குப் பணம் திரும்பாது, வேன் கட்டாயம் வரும்" என்று பதில். எட்டரைக்குச் சந்திப்பு இடத்தில் நின்றோம். வேன் வரவே இல்லை. நின்றுகொண்டிருந்த இடத்தைப் பின்னணியில் தெரியும்படி என் கணவர் படம் எடுத்துக்கொண்டே இருந்தார். எனக்கு அப்போது எரிச்சலாக இருந்தது. பிற்பாடு அந்தப் படங்கள்தான் காப்பாற்றின. பத்து மணிக்கு எதிரே இருந்த முனிசிபியோ மெட்ரோவில் ஏறிக் கரிபால்டி, அங்கிருந்து சர்க்கம்வெசுவியானா ரயிலில் பொம்பெயி ஸ்காவி. ரயிலில் நெரிசல், நாங்கள் போனதில் ஏசி இல்லை, பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். ஆனால் நிலையத்தின் எதிரிலேயே வாசல். அங்கும் பெயர் போட்ட டிக்கெட்தான். ஒரு நாளைக்கு 20,000 பேர்தான் உள்ளே விடுகிறார்கள். ரயிலில் உட்கார்ந்தபடியே போனில் எடுத்துவிட்டோம். பிள்ளைகளுக்கு இங்கும் இலவசம். கி.பி. 79இல் புதைந்த அந்தத் தெருக்களில் வண்டிச் சக்கரம் தேய்த்த தடங்களை மாமா குனிந்து தொட்டுப் பார்த்தார். பயணத்திலேயே அவருக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான் என்கிறார்.

ஊர் திரும்பியதும் கார்டு வங்கியில் இரண்டு தனித்தனிப் புகார்கள் கொடுத்தோம். தனித்தனியாகக் கொடுத்தது நல்லதாயிற்று. நேப்பிள்ஸ் புகாருக்கு அந்த நிறுவனம் அனுப்பிய பதில்: "வேன் வந்தது, வாடிக்கையாளர்தான் வரவில்லை." சான்றாக எங்கோ நிற்கும் வெள்ளை வேன் ஒன்றின் படம். எங்களிடம் நேரம் பதிந்த படங்களும், சந்திப்பு இடத்தைக் குறிப்பிடும் அவர்களது செய்தியும் இருந்தன. 120 யூரோ திரும்ப வந்தது. ரோம் புகார் தோற்றது: வேனில் ஏறினீர்கள், ரோம் போனீர்கள், எனவே சேவை அளிக்கப்பட்டது என்று வங்கி சொல்லிவிட்டது. ரொக்கமாகக் கொடுத்த 735க்கு எங்களிடம் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை.

இனி யாராவது இப்படித் தனி வேன் எடுப்பதானால், பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை சில. வேனை ஓட்டப்போகும் நிறுவனத்தின் பெயரும், அதன் வாடகை வண்டி உரிம எண்ணும். இத்தாலியில் ஓட்டுநரோடு வாடகைக்கு விடும் வண்டிக்கு என்சிசி என்ற உரிமம் உண்டு. வண்டியின் பின்புறம் அதற்கான சிறு தகடு இருக்கும். வழிகாட்டி உண்டென்றால் அவர் பெயரும் உரிமமும். "உத்தரவாதம்" என்றால், கப்பல் போய்விட்டால் யார் எவ்வளவு தருவார்கள் என்பது. எங்கள் ஒப்பந்தத்தின் நிபந்தனைகளைப் பிறகு உருப்பெருக்கிப் படித்தேன். "போக்குவரத்து நெரிசல் உட்பட நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இல்லாத காரணங்கள் நீங்கலாக" என்று இருந்தது. ரோமில் மாலை நேரத்தில் நெரிசல் இல்லாத நாள் எது? மீதிப் பணத்தைக் கார்டில் வாங்க மாட்டோம் என்றாலோ, பயணம் தொடங்கும் முன்பே முழுவதையும் கேட்டாலோ, பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். டிக்கெட்டை மட்டும் யாரிடமும் சேர்த்து வாங்காதீர்கள். கொலோசியமும் பொம்பெயியும் நேரடியாக உங்கள் பெயரில்.

நிறுவனத்தின் பெயரை ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். எழுதிப் பயனில்லை. சென்ற மாதம் தேடிப் பார்த்தபோது அந்தப் பக்கம் இல்லை. அதே புகைப்படங்கள், அதே 45 யூரோ டிக்கெட், அதே உத்தரவாத வாசகத்தோடு வேறு பெயரில் ஒரு புதுப் பக்கம் இருக்கிறது. அதில் "பத்து ஆண்டு அனுபவம்" என்று வேறு போட்டிருக்கிறார்கள்.