ஏழு வருடம், மூன்று வகைப் புத்தகங்கள்: எது தேய்ந்தது, எது தூசி படிந்தது

ஏழு வருடத்துக்கு முன்னால் நாவல் மட்டுமே படித்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் எல்லாக் கதையும் ஒரே கதை போலத் தோன்ற, எனக்கே ஒரு விதி போட்டுக்கொண்டேன்: ஒரு நாவல், அப்புறம் ஒரு பயண நூல், அதன்பின் ஏதாவது ஓர் ஊரின் வரலாறு. இடையில் இரண்டு முறை விதியை மீறினேன். மற்றபடி இன்றுவரை அதே சுற்றுதான்.

முதல் வருடம் ஊர் வரலாறுகள் உயிரை வாங்கின. யார் யாருக்கு எவ்வளவு நிலம் விற்றார், எந்தக் கூரை எப்போது இடிந்தது என்று பக்கம் பக்கமாகப் போகும். அலமாரியில் தூசி படியப்போவது இவைதான் என்று நினைத்தேன். நடந்தது நேர்மாறு. நாவல்களில் இரண்டாம் முறை கையில் எடுத்தவை நாலைந்துதான். பைண்டிங் விட்டு, நூலால் கட்டி வைத்திருப்பதெல்லாம் ஊர் வரலாறுகள்.

திருப்பம் கொடுத்தது ‘மோந்தாயு’. 1975இல் வந்த பிரெஞ்சு நூல்; நான் படித்தது மொழிபெயர்ப்பில். தெற்கு பிரான்ஸில் ஒரு சின்ன மலைக்கிராமம். மத விரோதிகளைக் கண்டுபிடிக்க ழாக் ஃபூர்னியே என்ற ஆயர் 1318 முதல் 1325 வரை நடத்திய விசாரணையின் பதிவேடுதான் அதற்கு ஆதாரம். அவர் துருவித் துருவிக் கேட்டதால் யார் யாரோடு பழகினார்கள், ஆடு மேய்ப்பவர்கள் எங்கே போனார்கள், வெயிலில் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டே என்ன வம்பு பேசினார்கள் என்பதெல்லாம் ஏட்டில் ஏறிவிட்டது. அந்த ஆயர் பிற்பாடு போப்பாகவே ஆனார், பன்னிரண்டாம் பெனடிக்ட் என்ற பெயரில். எந்த நாவலிலும் நான் பார்க்காத நெருக்கம். இரண்டாம் முறை படித்தபோதுதான் ஒன்று உறைத்தது. அத்தனையும் பயத்தில் சொன்ன வாக்குமூலம். அவர்கள் பேசியது ஒரு மொழி, எழுத்தர் பதிந்தது லத்தீனில். நூலாசிரியர் இதை இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

அதிலிருந்து பயண நூல்களைப் படிக்கும் விதமும் மாறியது. ஓரத்தில் பென்சிலால் ‘பா’ என்றோ ‘கே’ என்றோ எழுதுகிறேன். பா என்றால் பயணி பார்த்தது, கே என்றால் யாரிடமோ கேட்டது. மார்க்கோ போலோவில் பல பக்கங்களில் ‘கே’தான். அந்த நூல் உருவானதே 1298இல் ஜெனோவாச் சிறையில். கூட அடைபட்டிருந்த ருஸ்திகெல்லோவிடம் போலோ சொல்ல, அவர் எழுதினார். அந்த மனிதர் அதுவரை எழுதியது வீரசாகசக் கதைகள்! எது பயணி சொன்னது, எது கதாசிரியர் சேர்த்தது என்று பிரிக்கவே முடிவதில்லை. 1325இல், 21 வயதில் கிளம்பிய மொராக்கோப் பயணி இப்னு பதூதாவும் பின்னாளில் நினைவிலிருந்து சொல்லித்தான் எழுதவைத்தார். டமாஸ்கஸ் வர்ணனையில் ஒரு பகுதி, அவருக்கு ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு முந்தைய இன்னொரு பயணி இப்னு ஜுபைரிடமிருந்து எடுத்தது. தெரிந்தபோது ஏமாற்றமாக இருந்தது. ஆனாலும் மாலத்தீவில் காஜியாக, அதாவது நீதிபதியாக, இருந்தபோது அவர் பட்ட பாட்டைச் சொல்லும் இடம் அவருடையதேதான். அந்த எரிச்சலைக் கடன் வாங்க முடியாது.

நாவல்கள் இந்தச் சுற்றில் நஷ்டப்படவில்லை. 1719இல் ‘ராபின்சன் குரூசோ’ வந்தபோது முகப்புப் பக்கத்தில் அதை எழுதிய டீஃபோவின் பெயரே இல்லை. குரூசோ தானே எழுதியது என்றுதான் போட்டிருந்தது. பள்ளிக்காலத்தில் கதையாகப் படித்ததை இப்போது ஒரு போலிப் பயணக்குறிப்பாகப் படிக்கும்போது, அந்தப் பட்டியல்களும் கணக்குகளும் நம்மை நம்பவைக்கச் செய்த வேலை என்று புரிகிறது. சலிப்பூட்டிய பக்கங்களே இப்போது பிடிக்கின்றன.

வாங்குகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பழைய நூல்களில் பதிப்பைப் பார்க்காமல் வாங்காதீர்கள். இங்கிலாந்துக்காரர் கில்பர்ட் வைட் தன் ஊரான செல்போர்னைப் பற்றி 1789இல் வெளியிட்ட நூலில் இயற்கைக் குறிப்புகளோடு ஊரின் பழைய வரலாறும் உண்டு. பின்னால் வந்த பல பதிப்புகளில் வரலாற்றுப் பகுதியை வெட்டிவிட்டார்கள். நான் வாங்கியது அப்படி ஒன்று. பயண நூல் என்றால் வரைபடம் இருக்கிறதா, கண்ணாடி இல்லாமல் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். மின்நூலில் நாவல் சுகம். வரைபடம் பெரும்பாலும் கொடுமை. ஊர் வரலாறு குறைந்த பிரதிதான் அச்சாகும், அடுத்த பதிப்பு வருமென்று காத்திருக்க வேண்டாம்.

இந்த நூல்களில் என் பெரிய குறை, சொல்லடைவு இல்லாதது; எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் என்று கடைசியில் தரும் பட்டியலைச் சொல்கிறேன். முந்நூறு பக்க ஊர் வரலாற்றில் ஒரு குளத்தின் பெயரைத் தேடி அரை நாள் போனதுண்டு. இப்போது படிக்கும்போதே கடைசி வெற்றுத்தாளில் ஆள், இடம், பக்க எண் என்று எழுதிவிடுகிறேன். சில புத்தகங்களில் தாள் போதாமல் அட்டையின் உள்பக்கம்வரை ஏறிவிட்டது. இரவல் கேட்பவர்கள் முதலில் திருப்புவது அந்தப் பக்கத்தைத்தான். திருப்பித் தராமல் இருப்பதும் அந்தப் புத்தகங்களைத்தான்.