எல்லாப் பைக்கும் ஒரே திகதி

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு சின்னப் பலகாரக் கடை இருக்கிறது. கீழே கொஞ்சம் குறையும் சொல்லப்போகிறேன் என்பதால் பெயரைப் போடவில்லை, அந்த அம்மாவின் கைக்கு நான் எதிரி இல்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்: முன்னால் ஒரு கண்ணாடி அலுமாரி, பின்னால் கொட்டில், கொட்டிலுக்குள் பொரிக்கிற தாச்சி இரண்டு, பின்னேரம் மூன்று மணிக்கு அந்தப் பக்கம் போனால் றோட்டிலேயே பெருஞ்சீரகமும் கறிவேப்பிலையும் மணக்கும்.

கார்த்திகை மாதம், மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு கிழமையில், கனடாவில் இருக்கிற தங்கச்சிக்குப் பார்சல் அனுப்ப என்று அங்கே போனேன். பருத்தித்துறை வடை, முறுக்கு, பயத்தம்பணியாரம், அரியதரம், புழுக்கொடியல், பனங்கட்டி, அப்புறம் எல்லாம் கலந்து கட்டின ஒரு கலவைப் பெட்டி. எல்லாவற்றிலும் இரண்டிரண்டு, ஒன்று அவளுக்கு, ஒன்று எங்கள் வீட்டுக்கு. வீட்டுக்கு வந்து மேசையில் அடுக்கும்போதுதான் கவனித்தேன், எல்லாப் பையிலும் ஒரே லேபல், எல்லாவற்றுக்கும் முடிவுத் திகதி சரியாக மூன்று மாதம். வடைக்கும் மூன்று மாதம், அரியதரத்துக்கும் மூன்று மாதம், பனங்கட்டிக்கும் மூன்று மாதம். நான் பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பிக்கிறவன், இப்படி ஒன்றைப் பார்த்தால் சும்மா இருக்க வராது. பார்சலை அன்றைக்கு அனுப்பாமல் நிறுத்திவிட்டு, வீட்டுப் பங்கை ஆறு கிழமைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்துத் தின்று பார்த்தேன். மனைவி இதற்கு வைத்த பெயர் வேறு.

முதலில் நல்லது. வடை. அந்த அம்மா தட்டுகிற வடை அப்பளம் போல மெல்லிசு, உளுந்து முழுசாகத் தெரியும், செத்தல் மிளகாயின் உறைப்பு கடைசியில் தொண்டையில் வந்து நிற்கும். கொட்டில் வாசலில் நின்று அவர் பொரிக்கிறதைப் பார்த்தேன், அவசரமே இல்லை. வடையைப் போட்டதும் எண்ணெய் நுரைக்கிறதே, அது எண்ணெய் கொதிக்கிறதல்ல, மாவுக்குள் இருக்கிற தண்ணீர் ஆவியாகி வெளியே ஓடுகிறது. நுரை அடங்கினால் தண்ணீர் பெரும்பாலும் போய்விட்டது என்று அர்த்தம். நிறம் வந்தவுடனே எடுத்துவிடுகிற கடைகள் இருக்கின்றன, வெளியே பொன்னிறம், நடுவில் ஈரம், அடுத்த நாள் அந்த ஈரம் மெதுவாக விளிம்புக்கு வந்து முழு வடையையும் தளர்த்திவிடும். இவர் சலசலப்பு அடங்கும்வரை பொறுத்து, எடுத்ததும் வடையைப் படுக்கப் போடாமல் நிமிர்த்தி அடுக்குகிறார். அது சும்மா அழகுக்கு இல்லை. பொரிக்கும்போது குடிக்கிற எண்ணெயைவிட எடுத்த பிறகு ஆறும்போது குடிக்கிற எண்ணெய்தான் கூட, உள்ளே இருக்கிற ஆவி சுருங்கும்போது மேலே ஒட்டியிருக்கிற எண்ணெயை உள்ளே இழுக்கும். நிமிர்த்தி வைத்தால் அது அதற்கு முன்னமே வழிந்துவிடும். இதெல்லாம் அவருக்கு யாரும் படிப்பித்ததில்லை, கேட்டால் "அம்மா இப்பிடித்தான் வைப்பா" என்பார்.

அவ்வளவு கவனமாகப் பொரித்ததை அவர்களே பழுதாக்குகிற இடம் பை கட்டுகிற மேசை. நான் வாங்கின இரண்டு வடைப் பையில் ஒன்று காலையில் கட்டினது, மற்றது எனக்கு முன்னாலேயே சூட்டோடு கட்டித் தந்தது. சூட்டோடு கட்டின பையின் உள்பக்கம் வீட்டுக்கு வரும்போதே மங்கலாக இருந்தது. ஐந்தாம் நாள் உடைத்தேன், கடித்தால் சத்தமில்லை, இழுபட்டது. மற்றப் பை நாலாம் கிழமையும் "டக்" என்று உடைந்தது. அடுத்த முறை போனபோது கேட்டேன்.

"அம்மா, ஏன் சூடா இருக்கேக்கையே கட்டுறியள்?"

"சூடாய்க் கட்டினாத்தான் தம்பி காத்துப் புகாது, மொறுமொறுப்பு அப்பிடியே நிக்கும்."

பாவம், அவருடைய நியாயம் ஒரு வகையில் சரி, மழைக்காலத்துக் காற்றில் திறந்து வைத்தாலும் வடை ஈரத்தைக் குடிக்கும்தான். ஆனால் சூட்டோடு கட்டினால் வடையே விடுகிற ஆவி வெளியே போக வழியில்லாமல் பைக்குள் தண்ணீராக இறங்கி, திரும்ப வடைக்குள்ளேயே போகும். காய்ந்த மாப்பொருள் கண்ணாடி மாதிரி விறைத்து நிற்கிறது, அதனால்தான் கடித்தால் உடைகிறது. மிகக் கொஞ்சத் தண்ணீர் உள்ளே போனாலே அந்த விறைப்பு குலைந்து தோல் மாதிரி ஆகிவிடும். ஒரு மணித்தியாலம் மின்விசிறிக்குக் கீழே, மழைக்காற்று வராத அறையில் ஆற விட்டிருந்தால் போதும்.

கலவைப் பெட்டி இந்தக் கடையின் மிக மோசமான யோசனை, ஆனால் விலை போகிறதும் அதுதான், பார்க்க வடிவாக இருக்கும். ஒரே பெட்டிக்குள் முறுக்கும் அரியதரமும் தோளோடு தோள். பத்து நாளில் முறுக்கு நமுத்துவிட்டது, அரியதரம் கல்லாகிவிட்டது. இரண்டு பேருக்கும் நட்டம். அரியதரம் உள்ளே ஈரமாக, மெத்தென்று இருக்கவேண்டியது, முறுக்கு எலும்பு மாதிரிக் காய்ந்து இருக்கவேண்டியது, இரண்டையும் ஒரே மூடிக்குள் அடைத்தால் அரியதரத்தின் தண்ணீர் முறுக்குக்குப் போகும், இரண்டும் சமமாகும்வரை போய்க்கொண்டே இருக்கும்.

இதற்கு ஒரு அளவுகோல் இருக்கிறது, நீர்ச் செயற்பாடு என்று சொல்வார்கள். உணவில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதல்ல, அதில் எவ்வளவு கட்டுப்படாமல் சும்மா கிடக்கிறது என்பது. தூய தண்ணீருக்கு 1. ஏறக்குறைய 0.9க்குக் கீழே பெரும்பாலான பக்டீரியாக்கள் வளராது, 0.8க்குக் கீழே பெரும்பாலான பூஞ்சணம் வளராது, 0.6க்குக் கீழே எதுவுமே வளராது என்று வைத்துக்கொள்ளலாம். தேனில் நூற்றுக்குப் பதினேழு பதினெட்டுப் பங்கு தண்ணீர் இருக்கிறது, ஆனாலும் கெடாது, சீனி அந்தத் தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதே அளவு ஈரத்தோடு நெல்லை மூட்டை கட்டி வைத்துப் பாருங்கள், பூஞ்சணம் பிடித்துவிடும். அரியதரம் ஈரமாக இருந்தும் கிழமைக்கணக்கில் நிற்பது அதன் சீனிப்பாணியால்தான். முறுக்கின் பிரச்சினை வேறு. அதில் பூஞ்சணம் வரச் சந்தர்ப்பமே இல்லை, ஆனால் மொறுமொறுப்பு 0.4ஐத் தாண்டினவுடனேயே போகத் தொடங்கிவிடும். அதாவது பெட்டியில் இருந்த முறுக்கைத் தின்றால் வயிற்றுக்கு ஒன்றும் வராது, தின்ன மனம்தான் வராது. லேபலில் இருக்கிற மூன்று மாதம் எதைச் சொல்கிறது, கெடாமல் இருப்பதையா நன்றாக இருப்பதையா? முறுக்குக்கு இரண்டும் ஒன்றல்ல.

பயத்தம்பணியாரம் எனக்குப் பிடித்த பலகாரம், அதனால் கோபமும் கொஞ்சம் கூட. முதல் கிழமை அருமை. பயறு நன்றாக வறுத்து இடித்த மணம், மிளகு அளவாக, வெளித்தோல் மெல்லிசு. இரண்டாம் கிழமை தோல் மெத்தென்று ஆகிவிட்டது, அது எதிர்பார்த்ததுதான், உள்ளே இருக்கிற பாணியின் ஈரம் தோலுக்கு வராமல் இருக்காது. மூன்றாம் கிழமை கடித்தபோது நாக்கில் சவர்க்காரம் பட்ட மாதிரி ஒரு சுவை. சவர்க்காரம் என்று சும்மா சொல்லவில்லை. பணியார மாவில் தேங்காய்ப்பூவும் சேரும், தேங்காய்க் கொழுப்பில் பெரும்பங்கு லோரிக் அமிலம், ஈரம் இருந்தால் கொழுப்பு உடைந்து அந்த அமிலம் தனியாகப் பிரியும், சவர்க்காரம் செய்யத் தேங்காயெண்ணெய் எடுக்கிறார்களே, அதே சாதிச் சாமான்தான் அது. தேங்காய்ப்பூவைச் சட்டியில் சுள்ளென்று காயும்வரை வறுத்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது. உருண்டையை உடைத்துப் பார்த்தேன், தேங்காய்ப்பூ இன்னும் வெள்ளையாகத்தான் இருந்தது. எங்கள் அப்பாச்சி அதைச் சிவக்க வறுத்து, ஆறவைத்து, கையில் நெரித்துப் பார்த்துத்தான் மாவில் போடுவா. நெரித்தால் பொடியவேண்டும், ஒட்டக்கூடாது.

முறுக்குத் தனிப்பையில் ஆறாம் கிழமை பழைய எண்ணெய் மணம் வந்தது. அது ஈரத்தால் இல்லை, காற்றாலும் வெளிச்சத்தாலும். அதைக் கண்ணாடி அலுமாரியில், வெயில் படுகிற பக்கம், உள்ளே தெரிகிற பொலித்தீன் பையில் வைத்திருந்தார்கள். போதாக்குறைக்கு இரண்டாவது தாச்சியில் எண்ணெய் நன்றாகக் கறுத்திருந்ததை நான் கண்டேன். பலமுறை காய்ந்த எண்ணெயில் பொரித்தது தொடங்கும்போதே பாதி வழி போய்விட்டது. நல்லெண்ணெய்க்கு இந்த விஷயத்தில் இயற்கையாகவே ஒரு காவல் இருக்கிறது, எள்ளில் இருக்கிற சில சேர்வைகள் அதைக் காறவிடாமல் தடுக்கும். ஆனால் இந்த விலைக்கு நல்லெண்ணெயில் முறுக்குப் பொரிக்கச் சொல்லுகிற துணிவு எனக்கில்லை.

சரி, பனைக்கு வருவோம். புழுக்கொடியலுக்கு மூன்று மாதம் என்று போட்டதைப் பார்த்துச் சிரிப்புத்தான் வந்தது. பனங்கிழங்கை அவித்து, பிளந்து, வெயிலில் காயவைத்தது அது. அவிக்கும்போது மாப்பொருள் தண்ணீரைக் குடித்து வீங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிறகு காயும்போது அப்படியே இறுகிவிடும், அதனால்தான் பல்லுக்கு வேலை வைக்கிறது. அவிக்காமல் காயவைக்கிற ஒடியலை மாவாக இடிக்கலாம், கூழுக்கும் பிட்டுக்கும் போடலாம், புழுக்கொடியலை அப்படியே கடித்துத் தின்னலாம். ஒரே கிழங்கு, நடுவில் ஒரு கொதி தண்ணீர், இரண்டு வேறு சாமான். இந்தக் கடைப் புழுக்கொடியல் வளைத்தால் வளையவில்லை, முறிந்தது. நன்றாகக் காய்ந்த அடையாளம். ஈரம் படாமல் வைத்தால் மூன்று மாதத்துக்கு மேலும் தாராளமாக நிற்கும்.

பனங்கட்டியும் அப்படித்தான், ஓலைக் குட்டானில், தட்டினால் "டொக்" என்றது. மழைக்காலத்தில் பனங்கட்டி இளகி ஓலையில் ஒழுகுகிறதைப் பார்த்திருப்பீர்கள், ஆனால் இது ஆறு கிழமையும் இளகவில்லை. காரணம் பெரும்பாலும் சுண்ணாம்பு. பனையின் இனிப்புச் சாறான கருப்பநீர் இறக்குகிற முட்டியில் சுண்ணாம்பு பூசுவது அது கள்ளாகாமல் தடுக்க என்று எல்லாருக்கும் தெரியும். இன்னொரு வேலையும் அது செய்கிறது: கருப்பநீர் புளித்தால் அதில் இருக்கிற சீனி உடைந்து குளுக்கோசும் பிரக்டோசும் ஆகும், பிரக்டோஸ் காற்றிலிருக்கிற ஈரத்தை விடாமல் இழுக்கிற சாமான். புளித்த நீரில் காய்ச்சின கட்டி எவ்வளவு காய்ச்சினாலும் கடைசியில் பிசுபிசுக்கும். இவர்களுக்குக் கட்டி கொடுக்கிறவர் நேரத்துக்கு இறக்கி நேரத்துக்குக் காய்ச்சுகிற ஆள் என்று நினைக்கிறேன். இந்தக் கடையில் நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறது இதுதான்.

பழைய பார்சல் சாமான் முழுவதும் எங்கள் வீட்டிலேயே முடிந்தது. தை பிறந்த பிறகு ஒரு காலையில் இரண்டு பிஸ்கற் ரின்னைக் கழுவி வெயிலில் காயவைத்து எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதல் நாள் பொரித்து ஆறின வடையாகப் பார்த்து ஒரு ரின்னில் போடச் சொன்னேன், மற்றதில் புழுக்கொடியல். அம்மா ஒரு மாதிரிப் பார்த்தார்.

"என்ன தம்பி, எங்கட பையில நம்பிக்கை இல்லையோ?"

"உங்கட வடையில நம்பிக்கை இருக்கு, அதுதான் ரின் கொண்டுவந்தனான்."

சிரித்துவிட்டு நிரப்பித் தந்தார், கூட நாலு வடை சும்மா போட்டார். பயத்தம்பணியாரத் தேங்காயைப் பற்றியும் சொன்னேன், "கறுத்தா சனம் வாங்காது" என்றார், அதற்கு என்னிடம் பதில் இல்லை. தங்கச்சிக்குப் போய்ச் சேர மூன்று கிழமை எடுத்தது, ரின்னைத் திறந்து ஒரு வடையைப் போன் பக்கத்தில் வைத்து முறித்துக் காட்டினாள்.

நீங்கள் போவதென்றால்: வடை, புழுக்கொடியல், பனங்கட்டி தயங்காமல் வாங்கலாம். அரியதரம் தனியாக, ஒரு கிழமைக்குள் தின்ன. பயத்தம்பணியாரம் பத்து நாளுக்கு மேல் வைக்காதீர்கள், பிரிட்ஜில் வைத்தால் இன்னும் இறுகும். கலவைப் பெட்டி வேண்டாம். பின்னேரம் சூடாக வாங்கினால் பை வாயைத் திறந்தபடி கொண்டுபோய் வீட்டில் ஆறவிட்டுப் பிறகு மூடுங்கள். போன கிழமையும் எட்டிப் பார்த்தேன், பை கட்டுகிற மேசைக்கு மேலே புதிதாக ஒரு மின்விசிறி சுற்றுகிறது, லேபலில் மட்டும் இன்னும் எல்லாவற்றுக்கும் மூன்று மாதம்தான்.