மேட் சுவரும் சாட்டின் சுவரும்: சில வருட டச்சப் அனுபவம்

பெயின்ட் வாங்கப் போனால் எல்லோரும் முதலில் கேட்பது, "கழுவினால் போகாதே?" என்றுதான். சில வருடம் அந்தச் சுவர்களுக்கு நடுவே குடியிருந்த பிறகு, நான் கேட்பது வேறு கேள்வி: "ஒரு இடத்தில் மட்டும் மறுபடி அடித்தால் தெரியுமா?" எங்கள் வீட்டில் ஹாலும் படுக்கையறையும் பளபளப்பில்லாத மேட் எமல்ஷன் (தண்ணீரில் கலக்கும் சுவர் பெயின்ட்), நடைவழியும் சமையலறையும் லேசாகப் பளபளக்கும் சாட்டின். எல்லாம் ஒரே சமயத்தில் அடித்தவை என்பதால் இரண்டும் எப்படிப் பழசாகின்றன என்று அருகருகே பார்க்க முடிந்தது.

டச்சப், அதாவது கெட்டுப்போன இடத்தில் மட்டும் மறுபடி அடிப்பது என்று வந்தால் மேட்டுக்கு ஈடு கிடையாது. ஆணி பிடுங்கிய குழி, நாற்காலி இடித்த தழும்பு, அலமாரியை நகர்த்தும்போது விழுந்த கீறல் எல்லாவற்றையும் ஹாலில் அவ்வப்போது சரிசெய்திருக்கிறேன். எங்கே அடித்தேன் என்று இப்போது என்னாலேயே காட்ட முடியாது. சாட்டின் அப்படி விடாது. அதே டப்பா, அதே நிறம். நேராக நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. நடைவழியின் கோடியிலிருந்து சாய்வாகப் பார்த்தால், ஒட்டுப்போட்ட துணி மாதிரி அந்த இடம் தனியாக நிற்கும். மாறியிருப்பது நிறம் இல்லை, பளபளப்பு. மேட்டில் நிறத்தூளும் நிரப்பியும் அதிகம், அவற்றைப் பிடித்து வைக்கும் பைண்டர் குறைவு. அதனால் அதன் மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்து வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறவிடுகிறது. சாட்டினில் பைண்டர் தூக்கல், படலம் வழுவழுப்பு. படலத்தின் தடிமனோ ரோலர் ஓடிய திசையோ கொஞ்சம் மாறினாலும் வெளிச்சம் காட்டிக் கொடுத்துவிடும்.

ஆகவே சாட்டின் சுவரில் திட்டுத் திட்டாக அடிக்கும் வேலையை நான் விட்டுவிட்டேன். குழியை அடைத்துவிட்டு, ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலை வரை அந்தச் சுவர் முழுவதையும் அடித்துவிடுகிறேன். சுவர் திரும்பும் இடத்தில் வெளிச்சம் எப்படியும் மாறுவதால் இரண்டு சுவருக்கும் உள்ள வித்தியாசம் கண்ணில் படுவதில்லை. வேலை கூடுதல்தான். ஆனால் பார்க்கும்போதெல்லாம் உறுத்தும் ஒரு திட்டைவிட இது மேல்.

மேட்டிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. முக்கியமானது குழியை அடைக்கும் பட்டி. ஆழமான குழியை ஒரே தடவையில் அடைத்தால் காயும்போது உள்வாங்கிவிடும். இரண்டு தடவையாக வைப்பது நல்லது. காய்ந்ததும் 220 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசியைத் துடைத்துவிட்டு, அந்தப் பட்டியின் மேல் கட்டாயம் பிரைமர் (பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) தொட வேண்டும். "இத்தனூண்டு இடத்துக்கு பிரைமரா?" என்று பெயின்டர்களே சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வெறும் பட்டி பெயின்ட்டில் இருக்கும் ஈரத்தையும் பைண்டரையும் உறிஞ்சிவிடுவதால் அந்த இடம் மட்டும் வெளிறிப்போய் நிற்கும். அதன் மேல் எத்தனை கோட்டிங் ஏற்றினாலும் சமமாக வருவது கஷ்டம்.

அடுத்தது கருவி. ரோலரில் அடித்த சுவரில் பிரஷ்ஷை வைத்தால் கோடு விழும். 4 அங்குலக் குட்டி ரோலர் ஒன்று வீட்டில் இருந்தால் போதும். நடுவில் அடித்துவிட்டு, ரோலர் ஏறக்குறைய காய்ந்த நிலையில் ஓரங்களை வெளிப்பக்கமாக இழுத்துவிட்டால் விளிம்பு கரைந்துவிடும். அடித்த கையோடு நிறத்தைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். எமல்ஷன் ஈரமாக இருக்கும்போது சற்று வெளிறித்தான் தெரியும், காயக் காய அடர்த்தியாகும். மறுநாள் பகல் வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்யலாம்.

மிச்சப் பெயின்ட்டை வைத்திருப்பதில்தான் பாதி வெற்றி. பெரிய டப்பாவின் அடியில் கொஞ்சமாகக் கிடந்தால் உள்ளே இருக்கும் காற்றில் ஆடை கட்டிவிடும். நான் சிறிய மூடி போட்ட ஜாடிகளில் மாற்றி, ஷேட் நம்பர், பேஸ் (நிறம் கலக்கும் அடிப்படைப் பெயின்ட்), பேட்ச் (தயாரிப்புத் தொகுதி), எந்த அறை என்று எழுதி ஒட்டி வைக்கிறேன். புளித்த வாடை வந்தால் தயங்காமல் தூக்கிப்போட வேண்டியதுதான். அதே ஷேட் நம்பரைச் சொல்லிப் புதிதாகக் கலந்து வாங்கினாலும் முழுதாகப் பொருந்தும் என்று நம்ப முடியாது. பேட்சுக்கு பேட்ச் லேசாக மாறும். அதைவிட, சுவரே மாறியிருக்கும்: வெயில் படும் பக்கம் வெளுத்திருக்கும், மற்ற இடத்தில் தூசி படிந்திருக்கும். "நிறம் சேரவில்லை" என்று தோன்றும் பல இடங்களில், சுற்றியுள்ள அழுக்கை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தாலே பாதி வித்தியாசம் போய்விடுகிறது.

ஒற்றி எடுக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன், தேய்க்கக் கூடாது. மேட்டின் பலவீனம் அங்கேதான் இருக்கிறது. சுவிட்ச் போர்டைச் சுற்றி அடிக்கடி அழுத்தித் துடைத்ததில் அந்த இடம் மினுமினுக்க ஆரம்பித்துவிட்டது. அழுக்கு போய்விடும், மினுக்கம் போகாது. புதிதாக அடித்த எந்தச் சுவரையும், கைக்குக் காய்ந்தது போலத் தெரிந்தாலும், இரண்டு மூன்று வாரம் துடைக்காமல் விடுவது நல்லது. படலம் முழுசாக இறுக அவ்வளவு நாள் பிடிக்கும்.

டச்சப்பே உதவாத இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. மார்க்கர் கிறுக்கலும் தண்ணீர்க் கறையும் எமல்ஷனை மீறி மேலே வந்துகொண்டே இருக்கும். கறையைத் தடுக்கும் பிரைமர் ஒரு கோட்டிங் கொடுத்த பிறகே பெயின்ட். இன்னொன்று ஓதம். எங்கள் குளியலறைக்கு வெளிப்பக்கச் சுவரில் உப்பு பூத்துப் பெயின்ட் உரிந்தது. உள்ளே கசிந்த தண்ணீர் சுவரின் உப்பைக் கரைத்துக்கொண்டு வந்து, மேலே வந்து ஆவியாகி, உப்பை மட்டும் விட்டுவிட்டுப் போகிறது. குழாய்க் கசிவை அடைத்து, பூத்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்து, சுவர் நன்றாகக் காயும் வரை மொட்டையாகவே விட்டு வைத்தோம். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. அப்புறம் அடித்த பெயின்ட் இன்றுவரை நிற்கிறது. பழைய வீடாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை: அடியில் இருக்கும் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அதை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது.

அடுத்த முறை முழு வீட்டுக்கும் அடிக்கும்போது ஹாலில் மேட்டை மாற்றப் போவதில்லை. நடைவழியில் மட்டும் 4 அடி உயரத்தில் ஒரு மரப்பட்டி ஓடவிட்டு, அதற்குக் கீழே சாட்டின், மேலே மேட் என்று பிரித்துவிடலாம் என்றிருக்கிறேன். கையும் பையும் சைக்கிளும் உரசுவதெல்லாம் கீழ்ப் பாதியில்தான். மீண்டும் அடிக்க வேண்டி வந்தால் அந்த மரப்பட்டியோடு நிறுத்திக்கொள்ளலாம், கூரை வரை ஏற வேண்டியதில்லை.